எஃப்/4 என்றால் நாலு மடங்கு வேகமாம்! – பள்ளி டெலஸ்கோப் விஷயமாக உங்கள் வாத்தியாரின் மறுப்பு



நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் கமெண்ட்டில் சண்டைக்கு வரக்கூடாது. கடைசி வரி வரை படித்துவிட்டு வருகிறவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

விஷயம் இதுதான். நம் பள்ளி வானியல் மன்றத்துக்கு டெலஸ்கோப் வாங்கித் தர முன்னாள் மாணவர்கள் சேர்த்திருக்கும் பணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். இதில் துபாயிலிருந்து வந்த பணமும் இருக்கிறது, டீக்கடை வைத்திருக்கும் பிள்ளை கொடுத்த ஐந்நூறு ரூபாயும் இருக்கிறது. போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் கிட்டத்தட்ட முடிவே எடுத்துவிட்டார்கள். 80 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் குழாய், எஃப்/4, வானத்தைப் படம் பிடிப்பதற்கென்றே செய்தது. அதை வாங்கினால் முக்கால்வாசிப் பணம் காலி. நான் 150 மி.மீ. ஆடி வைத்த டெலஸ்கோப் ஒன்றைச் சொன்னேன். உடனே பதில் வந்தது: "சார், அது எஃப்/8. இது எஃப்/4. நாலு மடங்கு வேகம். அது ஒரு மணி நேரத்தில் எடுப்பதை இது கால் மணி நேரத்தில் எடுத்துவிடும்."

அதற்குக் கீழேயே இன்னொரு தம்பி: "சார், இது உங்க பிலிம் காலம் இல்லை. டிஜிட்டல்."

அந்தத் தம்பி இன்ஜினியர். நான் வெறும் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணக்கும் சொல்லிக் கொடுத்தே காலம் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தம்பி, ஒன்றைக் கவனி. "எஃப்/4 நாலு மடங்கு வேகம்" என்பதுதான் பிலிம் காலத்து விதி. அதைத் தூக்கிக்கொண்டு டிஜிட்டலுக்குள் வந்திருப்பது நீதான். நான் இல்லை.

இனி வரும் கணக்கில் எட்டாம் வகுப்புக்கு மேலே எதுவும் கிடையாது. பெருக்கல், வகுத்தல், வர்க்கம். அவ்வளவுதான்.

*விகிதம் என்பது அளவு அல்ல*

எஃப் எண் என்றால் என்ன? குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவது. 320 மி.மீ. குவியத் தொலைவை 80 மி.மீ. விட்டத்தால் வகுத்தால் 4. 1200-ஐ 150-ஆல் வகுத்தால் 8. அதனால்தான் இதன் பெயர் குவிய விகிதம்.

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்கிறோம். அது விகிதம். அதை மட்டும் சொல்லிவிட்டு "எத்தனை பேருக்கு இட்லி வரும்?" என்று கேட்டால் உங்கள் வீட்டு அம்மா என்ன சொல்வார்? "எத்தனை படி போட்டே, அதைச் சொல்லு முதல்ல" என்பார். அந்தக் கேள்வியைக் குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எஃப் எண்தான் எல்லாம் என்றால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் கையில் இருக்கும் செல்போன் கேமரா ஏறக்குறைய எஃப்/1.8. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எஃப்/24. 24-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 178 வரும். அதாவது செல்போன் ஹப்பிளைவிட 178 மடங்கு வேகம்! 1995 டிசம்பரில் ஹப்பிள் பெருங்கரடி மண்டலத்தில் ஒரு துளி இடத்தையே 10 நாள் பார்த்து, 342 படம் எடுத்து, சுமார் 3,000 அண்டங்களைக் காட்டியது. கேமராவுக்குள் வெளிச்சத்தைக் குறுக்கி எஃப்/12.9 ஆக்கித்தான் எடுத்தார்கள் என்று யாராவது சொல்வீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் செல்போன் 50 மடங்கு வேகம். அப்புறம் எதற்கு அமெரிக்கா அத்தனை செலவு செய்து அதை மேலே அனுப்பியது? ஆளுக்கொரு செல்போன் கொடுத்திருக்கலாமே!

ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர் விட்டம். செல்போன் லென்ஸின் வாய் சுமார் 4 மி.மீ. விட்டம்தான் இருக்கும். பதில் அங்கே இருக்கிறது.

*கூரையும் குடமும்*

நம் பழைய பள்ளிக்கூட ஓட்டுக்கூரை நினைவிருக்கிறதா? மழை பெய்தால் தாழ்வாரத்தில் குடம் வரிசையாக வைப்போம்.

கூரை எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீர். அதுதான் டெலஸ்கோப்பின் வாய். கீழே ஒரே ஒரு அண்டா வைத்தால் அது மளமளவென்று நிரம்பும். அதே தண்ணீரைப் பதினாறு குடத்துக்குப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு குடமும் மெதுவாகத்தான் நிரம்பும். குடத்தைப் பார்க்கிறவன் "அய்யோ, மழை குறைந்துவிட்டதே" என்பான். மழையும் குறையவில்லை, கூரையும் சுருங்கவில்லை. தண்ணீர் பல குடத்துக்குப் போயிருக்கிறது. ராத்திரி எல்லாக் குடத்தையும் ஒரே தொட்டியில் கொட்டினால் மொத்தம் அதேதான்.

எஃப் எண் சொல்வது ஒரு குடம் நிரம்பும் வேகத்தை. அதுவும் எல்லாக் குடமும் ஒரே அளவாக இருந்தால் மட்டும். நமக்கு வேண்டியது தொட்டித் தண்ணீர்.

டிஜிட்டல் கேமராவில் குடம் என்பது பிக்சல். எடுத்து முடித்த பிறகு பிக்சல்களைக் கூட்டிக்கொள்ள முடியும். இதுதான் பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

*கரும்பலகைக் கணக்கு*

வாருங்கள், நிஜமான ஒரு பொருளை எடுப்போம். எம் 51 என்னும் சுழல் அண்டம். வானத்தில் அதன் அளவு சுமார் 11 கலை நீளம், 7 கலை அகலம். பஞ்சாங்கத்தில் வரும் அதே பாகை, கலை, விகலைதான். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.

சென்னையில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் தன் வானியல் கேமராவைப் பள்ளிக்கு இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிக்சல் 3.76 மைக்ரான். ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையைப் பார்க்கும்? பிக்சல் மைக்ரானை 206-ஆல் பெருக்கி, குவியத் தொலைவு மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும்.

80 மி.மீ. எஃப்/4 (குவியத் தொலைவு 320): பிக்சலுக்கு 2.42 விகலை. எம் 51 உட்காரும் இடம் சுமார் 47,000 பிக்சல்.

150 மி.மீ. எஃப்/8 (குவியத் தொலைவு 1200): பிக்சலுக்கு 0.65 விகலை. எம் 51 உட்காரும் இடம் சுமார் 6,64,000 பிக்சல்.

இப்போது உங்கள் "நாலு மடங்கு" எங்கே இருக்கிறது? இருக்கிறது, மறுக்கவில்லை. எஃப்/8-ல் ஒரு பிக்சலுக்கு விழும் வெளிச்சம் எஃப்/4-ல் விழுவதில் கால் பங்குதான். ஆனால் அந்த அண்டம் 14 மடங்கு அதிகமான பிக்சல்களில் பரவியிருக்கிறது. 14-ஐ 4-ஆல் வகுங்கள். 3.5 மடங்கு. அதே நேரத்தில், அதே அண்டத்திலிருந்து, "மெதுவான" டெலஸ்கோப் பிடித்த மொத்த வெளிச்சம் மூன்றரை மடங்கு அதிகம்!

சரிபார்க்க வேண்டுமா? 150-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள். 3.5. வாயின் பரப்பளவு. எஃப் எண் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவே இல்லை, கவனித்தீர்களா?

ஆடி டெலஸ்கோப்பில் நடுவே ஒரு சின்ன ஆடி கொஞ்சம் மறைக்கும். இரண்டு ஆடிகளும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். எல்லாம் கழித்தாலும் இரண்டரை மடங்குக்குக் கீழே போகாது.

"ஆனால் சார், படம் மங்கலாகத் தெரியுமே?" தெரியும். பக்கத்துப் பக்கத்து 16 பிக்சலைக் கூட்டி ஒன்றாக்கு. ஏறக்குறைய அந்தச் சின்னக் குழாயின் அதே நுணுக்கம் வந்துவிடும். ஒவ்வொரு கூட்டுப் பிக்சலிலும் 16-ல் கால் பங்கு, அதாவது 4 மடங்கு வெளிச்சம் இருக்கும். நுணுக்கம் வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா என்று பிறகு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். 80 மி.மீ. குழாயில் அந்தத் தேர்வே கிடையாது. வராத வெளிச்சத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது.

*பிலிமில் அந்த விதி ஏன் சரி?*

1986 ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு கேமரா இரவல் வாங்கி, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் மொட்டை மாடியிலிருந்து ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். 36-ல் இரண்டு தேறியது. அன்று எனக்கும் எஃப் எண்தான் வேதம். நானே பல பேருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை இன்று திருத்திக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிலிமில் அது ஏன் சரியாக இருந்தது என்றால், பிலிமின் வெள்ளித் துகள் ஒரு குறைந்தபட்ச வெளிச்சம் விழாவிட்டால் கறுக்கவே கறுக்காது. அதைவிட மோசம், வெளிச்சம் மங்க மங்க பிலிம் சோம்பேறியாகிவிடும். நேரத்தை இரட்டிப்பாக்கினால் கறுப்பு இரட்டிப்பாகாது. இதை கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அளந்து சொன்னார். ஆகவே பிலிமில் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தை அடர்த்தியாகக் கொட்டியே ஆகவேண்டும். அதற்கு எஃப் எண் சின்னதாக இருக்க வேண்டும். எடுத்த பிறகு நாலு துகளைக் கூட்டி ஒன்றாக்கவும் வழி இல்லை.

டிஜிட்டல் சென்சார் அப்படி இல்லை. பத்து ஒளித்துகள் வந்தால் அதற்கேற்ற எண்ணிக்கை. நூறு வந்தால் அதைப் போலப் பத்து மடங்கு. முதல் நிமிடமும் அறுபதாம் நிமிடமும் ஒரே மாதிரி எண்ணும். கணக்குப் பிள்ளை மாறிவிட்டார். நீங்கள் இன்னும் பழைய கணக்குப் பிள்ளையின் நோட்டை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

*காவலூரில் பார்த்ததை மறந்துவிட்டீர்களா?*

ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு வேன் வைத்துப் போனோமே, நினைவிருக்கிறதா? அங்கே இருக்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். 1986-ல் திறந்தது. அந்த ஒரே ஆடிக்கு இரண்டு குவியம். மேலே ஆடியின் நேர்க் குவியத்தில் எஃப்/3.25. இன்னொரு ஆடியால் திருப்பிக் கீழே கொண்டுவந்தால் எஃப்/13.

13-ஐ 3.25-ஆல் வகுத்தால் 4. வர்க்கம் 16. குழுவின் கணக்குப்படி கீழே வேலை செய்கிற விஞ்ஞானி 16 மடங்கு வெளிச்சத்தைத் தொலைத்துவிட்டார்! அவர் எதையும் தொலைக்கவில்லை. கூடுதல் ஆடியில் போகும் சிறு நட்டத்தைத் தவிர, நட்சத்திரத்திலிருந்து அந்த 2.34 மீட்டர் ஆடியில் விழுந்தது எல்லாம் கீழேயும் வருகிறது. மேலே 1 மி.மீ.யில் 27 விகலை வானம் அடங்கும். கீழே 7 விகலைக்கும் குறைவு. அகலமாகப் பார்க்க வேண்டுமென்றால் மேலே, நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் கீழே. வாய் ஒன்றுதான்.

*அண்ணன் மகன் செய்த சோதனை*

டெக்ஸாஸில் இருக்கும் என் அண்ணன் மகனும் இந்தப் பதிவைப் படிப்பான். அவனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அவனிடம் 203 மி.மீ. எஃப்/10 டெலஸ்கோப் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு குவியக் குறைப்பான் லென்ஸைச் சொருகி எஃப்/6.3 ஆக்கினான். "சித்தப்பா, இரண்டரை மடங்கு வேகம் ஆயிடுச்சு!" என்று போனில் குதித்தான்.

"தம்பி, குழாயின் வாய் பெருசாச்சா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

"நீ ஒன்று செய். எம் 57 வளைய நெபுலாவைக் குறைப்பான் போட்டும் போடாமலும் ஒரே நேர அளவில் எடு. பின்னணி வானத்தைக் கழித்துவிட்டு, வளையத்துக்குள் இருக்கும் எல்லாப் பிக்சலின் எண்ணிக்கையையும் கூட்டு."

மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. குரலில் பழைய குதிப்பு இல்லை. "சித்தப்பா, கிட்டத்தட்ட ஒண்ணுதான். குறைப்பான் போட்டபோது கொஞ்சம் கம்மி." கம்மியாகத்தானே இருக்கும்? நடுவில் கூடுதலாகக் கண்ணாடி வைத்தாயிற்றே. அவனுக்குக் கிடைத்தது அகலமான வானமும், சின்னதான, பளிச்சென்ற வளையமும். கூடுதல் வெளிச்சம் கிடைக்கவில்லை. அவனே அளந்து தெரிந்துகொண்டான். இன்ஜினியர் தம்பிக்கும் இதே சோதனையைப் பரிந்துரைக்கிறேன்.

*எதிர்க் கூட்டத்துக்கும் ஒரு குட்டு*

இதைப் படித்துவிட்டு "ஆஹா, எஃப் எண் என்பதே கட்டுக்கதை" என்று சிலர் கிளம்புவார்கள். ஏற்கெனவே அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சொல்வதும் பாதி உண்மைதான். உட்காருங்கள், உங்களுக்கும் இருக்கிறது.

முதலாவது, வானத்தின் அகலம். ஒரே கேமராவை வைத்தால், சென்சார் முழுவதும் விழும் மொத்த வெளிச்சத்தை எஃப் எண்தான் தீர்மானிக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் சென்சாரை நிறைக்கும் அளவு பெரிதாக இருந்தால் எஃப் எண் உண்மையிலேயே வேகம்தான். ஆண்ட்ரோமீடா அண்டத்தைப் பாருங்கள். நீளம் மட்டும் சுமார் 3 பாகை. ஆறு முழுநிலாவை வரிசையாக வைத்த நீளம். இரவல் கேமராவின் சென்சார் 23.5 × 15.7 மி.மீ. 80 மி.மீ. எஃப்/4 குழாய் 4.2 × 2.8 பாகையைக் காட்டும். ஆண்ட்ரோமீடா முழுசாக உள்ளே வந்துவிடும். 150 மி.மீ. எஃப்/8 காட்டுவது 1.1 × 0.75 பாகை. ஆறு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். நேரம் ஆறாகப் பிரியும். மூன்றரை மடங்கு லாபம் போய் நட்டம் வந்துவிடும். ஆண்ட்ரோமீடா முழுசாக ஒரே ராத்திரியில் வேண்டும் என்றால் குழு சொன்னதே சரி. ஒத்துக்கொள்கிறேன்.

சிலி நாட்டில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் ஆய்வகமும் இதற்காகத்தான் எஃப்/1.2 அளவுக்கு இறங்கியது. 8.4 மீட்டர் ஆடி, 3.5 பாகை அகல வானம், 3,200 மெகாபிக்சல் கேமரா. அவர்கள் வேலை தெற்கு வானம் முழுவதையும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பெருக்குவது. அங்கே பெரிய வாயும் வேண்டும், அகலமும் வேண்டும். இரண்டையும் வாங்கினார்கள்.

இரண்டாவது, எண்ணும் பிழை. குடத்தை அளக்கிற ஆளுக்குக் கை நடுங்கும் என்று வையுங்கள். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு ஆழாக்கு கூடவோ குறையவோ சொல்லிவிடுவார். பெரிய அண்டாவில் அது தெரியாது. சின்னச் சின்னக் குடமாகப் பல வைத்தால் பிழை சேரும். பழைய சென்சார்களில் இது பிக்சலுக்கு 8 எலக்ட்ரான் அளவுக்கு இருந்தது. வானப் பின்னணி 50 எலக்ட்ரான் என்றால், 8-ன் வர்க்கம் 64, அதைவிடப் பெரிது! அப்போது எஃப் எண் ரொம்பவே உறுத்தியது. இன்றைய சென்சாரில் அது 1.5 எலக்ட்ரான் மாதிரி. வர்க்கம் 2.25. 50-க்கு முன்னால் அது தூசு. ஆனால் அந்த 50 சேரும் வரை ஒவ்வொரு படத்தையும் திறந்து வைத்திருக்க வேண்டும். எஃப்/4-ல் ஒரு நிமிடம் போதும் என்றால் எஃப்/8-ல் நாலு நிமிடம். அதுவரை டெலஸ்கோப் நட்சத்திரத்தை விட்டு நகராமல் தொடர வேண்டும். ஆக, எஃப் எண்ணின் பாரம் கடைசியில் ஸ்டாண்டின் தலையில் இறங்குகிறது. ஸ்டாண்டு பற்றிக் குழுவில் ஒரு வரிகூடப் பேசவில்லை!

டிராகன்ஃப்ளை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. டொரோண்டோவைச் சேர்ந்த ஆபிரஹாமும் யேலைச் சேர்ந்த வான் டொக்குமும் செய்தது. கேனான் 400 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ்களைக் கொத்தாகக் கட்டி ஒரே இடத்தைப் பார்க்க வைத்தார்கள். 2015-ல் கோமா திரளில் மிக மங்கலான 47 அண்டங்களை அறிவித்தார்கள். எஃப் எண் ரசிகர்கள் இதைத்தான் கொடியாகப் பிடிப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். எஃப்/2.8-ஏ போதும் என்றால் ஒரு லென்ஸோடு நிறுத்தியிருக்கலாமே? மூன்றில் ஆரம்பித்து 48 வரைக்கும் ஏன் போனார்கள்? ஒவ்வொரு லென்ஸும் அதே எஃப்/2.8தான். ஏறிக்கொண்டே போனது வாயின் மொத்தப் பரப்பு. 48-ம் சேர்ந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் ஆடிக்குச் சமம்.

*வேகத்துக்கு விலை உண்டு*

விளம்பரத்தில் வராத இரண்டு விஷயம்.

ஒன்று, குவியம் சரியாக விழும் இடைவெளி எஃப் எண்ணின் வர்க்கத்தில் போகும். எஃப்/8-ல் சுமார் 172 மைக்ரான் தாராளம் இருக்கிறது. எஃப்/4-ல் 43 மைக்ரான்தான், தலைமுடிப் பருமனுக்கும் கீழே. ராத்திரி குளிர் ஏற ஏறக் குழாய் சுருங்கும், குவியம் நகரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை நடுராத்திரியில் அதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு, நெபுலாவுக்குப் போடும் குறுகிய நிற வடிகட்டிகள் நேராக வரும் ஒளிக்குச் செய்தவை. எஃப்/2 மாதிரி மிகச் சின்ன எண்ணில் ஒளி சாய்வாகப் பாய்வதால் வடிகட்டி விடும் நிறமே நீலப் பக்கம் நகர்ந்துவிடும். அதற்கென்று தனியாக வடிகட்டி வாங்க வேண்டும். எஃப்/4-ல் அவ்வளவு மோசமில்லை. ஆனால் "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

*பஸ் டிக்கெட்டில் கிடைக்கும் 16 மடங்கு*

இதுவரை பேசியதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பாக்கி.

நகர வெளிச்சத்தில் வானம் சதுர விகலைக்கு 18 மாக்னிட்யூட் என்றால், நல்ல இருட்டான மலையில் 21. வித்தியாசம் 3. மாக்னிட்யூட் கணக்கில் 3 என்றால் 16 மடங்கு. மங்கலான அண்டம் ஒன்றை ஊர் வெளிச்சத்தில் எடுக்க, மலையில் எடுப்பதைப் போல 16 மடங்கு நேரம் பிடிக்கும். இந்தப் பின்னணி வெளிச்சம் எஃப்/4-லும் வரும், எஃப்/8-லும் வரும். சின்ன எஃப் எண் அண்டத்தின் வெளிச்சத்தையும் தெருவிளக்கின் வெளிச்சத்தையும் சேர்த்தேதான் அடர்த்தியாக்கும்.

நாலு மடங்கு என்றதும் முக்கால்வாசிப் பணத்தை எடுத்து வைக்கத் தயாரானவர்கள், மலைக்கு வேன் வாடகை கொடுத்தால் கிடைக்கும் 16 மடங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்? அதற்கு யூடியூபில் விளம்பரம் இல்லை. இருட்டை விற்க ஆள் இல்லை.

*என் தீர்ப்பு*

நான் எஃப்/8-தான் வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை. ஒன்றேகால் மீட்டர் குழாய் மொட்டை மாடிக் காற்றில் ஆடும் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் சொன்னது நியாயம். அதனால் என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன்: 150 மி.மீ. ஆடி, எஃப்/5, குவியத் தொலைவு 750 மி.மீ. வாய் அதே 150. குழாய் குட்டை. வானம் 1.8 × 1.2 பாகை தெரியும். ஓரியன் நெபுலா முழுசாக அடங்கும். எம் 51-ம் நல்ல அளவில் வரும். ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைத்துத் தெரியாமல் இருக்க ஒரு திருத்தும் லென்ஸ் போட வேண்டும். ஆண்ட்ரோமீடாவை இரண்டு மூன்று துண்டாக எடுத்து ஒட்டக் கற்றுக்கொள்ளட்டும். அதுவும் படிப்புதான்.

பணத்தைச் செலவழிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நல்ல கனமான, நட்சத்திரத்தைத் தொடரும் ஸ்டாண்டு. இரண்டாவது அந்த 150 மி.மீ. டெலஸ்கோப். மூன்றாவது வருஷத்துக்கு நாலு முறை மலைக்குப் போக வேன் வாடகை. கேமரா இரவல் இருக்கிறது. ஒரு வருஷம் அதில் எடுத்துப் பழகட்டும். அப்புறமும் 80 மி.மீ. எஃப்/4 வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டால், என் பென்ஷனிலிருந்து முதல் ஐயாயிரம் நான் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. குழுவில் நூற்றுக்கும் மேல் செய்தி ஓடியது. அதில் "கண்" என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. படம் பிடிப்பதற்கென்றே செய்த குழாயைக் கேமராவோடு மாட்டி வைத்துவிட்டால், நாற்பது பிள்ளைகளும் லேப்டாப் திரையைச் சுற்றித்தான் நிற்பார்கள். திரையில் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஏற்கெனவே போன் இருக்கிறது. 150 மி.மீ. ஆடியில் கண்ணை வைத்தால் சனியின் வளையம் தெரியும். மலையில் எம் 51-ன் இரண்டு மங்கல் திட்டும் தெரியும். அந்த வெளிச்சம் கேமரா வழியாகச் சுற்றிவராமல் நேராகப் பிள்ளையின் கண்ணுக்குள் வந்து விழும்.

உங்களில் பல பேர் நிலாவின் பள்ளத்தை முதல் தடவை பார்த்துவிட்டு "சார், நிஜமாவா சார்?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். அன்று நம்மிடம் இருந்தது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை லென்ஸும் அட்டைக் குழாயும். அதன் எஃப் எண் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் போட்டால் எஃப்/20 வரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் குழுவில் ஓட்டுப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் மேலே உள்ள எம் 51 கணக்கை ஒரு தடவை சொந்தக் கையால் போட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் சுட்டிக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். தப்பு இல்லாவிட்டால், டீக்கடைப் பிள்ளையின் அந்த ஐந்நூறு ரூபாயை நினைத்துக்கொண்டு ஓட்டுப் போடுங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்